கைப்பிரேக்கும் ஒரு கருங்கல்லும்

ஓய்வு பெற்ற பிறகு நான் காரை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். 1999 மாடல் மாருதி 800. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அக்டோபரில் சென்னைக்கு மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது, சரிவான இடமாயிற்றே என்று கைப்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துவிட்டுத்தான் போனேன். அப்படி ஜாக்கிரதையாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பொங்கல் கழித்துத் திரும்பினோம். வடகிழக்குப் பருவமழை முழுவதையும் வண்டி நின்ற இடத்திலேயே கழித்திருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, கைப்பிரேக்கை இறக்கி, கிளட்சை விட்டால் நகர மறுத்தது. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். பின்னால் 'டொக்'கென்று ஒரு சத்தம், வண்டி புறப்பட்டுவிட்டது. "பாத்தியா, பழைய வண்டின்னாலும் எப்படி!" என்று மனைவியிடம் அளந்தேன்.

மறுநாள் மதுரையில் அவளுக்குக் கண் பரிசோதனை. புரை எடுத்த கண், தள்ளிப்போட முடியாது. காலையில் கிளம்பினோம். வெள்ளி அருவி தாண்டியதும், "ஏங்க, ஏதோ கருகுற வாடை வருதே" என்றாள். முன்னால் போன லாரியைக் காட்டினேன். இரண்டு வளைவு கழித்து மறுபடி சொன்னாள். எரிச்சல்பட்டேன். லாரி வழிவிட்டு ஒதுங்கிய பிறகும் வாடை போகவில்லை.

பெருமாள்மலையில் நிறுத்தும்போது பெடலை இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது. இறங்கிப் பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கை வைக்க முடியாத சூடு. வலது பக்கம் ஜில்லென்று இருந்தது; டயரின் உள்பக்கம் மட்டும் எண்ணெய்க் கசிவு. பக்கத்துப் பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இதோட கீழ இறங்கிடாதீங்க சார். வத்தலக்குண்டு வரைக்கும் மலை கிடக்கு" என்றார். வண்டியை அவரிடமே விட்டுவிட்டுப் பஸ்ஸில் மதுரை போனோம்.

மறுநாள் நான் மட்டும் வந்து பக்கத்தில் நின்று பார்த்தேன். புல்லர் போட்டும் இடது டிரம் வரவில்லை. சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கழன்றது. உள்ளே பார்த்ததும் நாக்கு உலர்ந்துவிட்டது. ஒரு பிரேக் ஷூவில் லைனரே இல்லை. மூன்று மாத ஈரத்தில் டிரம்மின் வார்ப்பிரும்பு துருப்பிடித்து லைனரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் பெருமைப்பட்ட அந்த 'டொக்', லைனர் ஷூவைவிட்டு உரிந்த சத்தம். உரிந்த துண்டு டிரம்முக்குள் சிக்கி அரைபட்டு எரிந்திருக்கிறது.

வலது பக்கம் வேறு கதை. வீல் சிலிண்டருக்குள் துரு அரித்த குழிகள்; அவை ரப்பர் கப்பைக் கிழித்து, பிரேக் ஆயில் கசிந்து லைனரை நனைத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்காம். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறிப்போனால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் சும்மா உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு கெட்டும் ஊருக்குள் ஓட்டும்போது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது என்பதுதான்.

இரண்டு வீல் சிலிண்டர், ஒரு செட் ஷூ, கைப்பிரேக் கேபிள் எல்லாம் திண்டுக்கல்லில் இருந்து வந்தன. டிரம்மை எமரித் தாளால் தேய்த்தார். ஏர் எடுக்கும் நிப்பிள் துருவில் முறிந்து அரை நாளைத் தின்றது. பிறகு நான் பெடலை மிதிக்க, அவர் நிப்பிளைத் திறக்க, பழைய ஆயில் டிகாஷன் நிறத்தில் வந்தது.

சாவியைக் கொடுக்கும்போது, "மலையில ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா கைப்பிரேக் போடாதீங்க சார். கியர்ல விட்டுட்டு டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுங்க" என்றார். கொட்டகையில் இப்போது ஒரு கருங்கல் கிடக்கிறது. எடுக்க மறந்து ஒருமுறை அதன்மேல் ஏற்றியும் விட்டேன்.

இப்போதெல்லாம் மலை இறங்கும்போது வெள்ளி அருவி வந்ததும் மனைவி கண்ணாடியை இறக்கி மோந்து பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே, அவள் கண்ணாடியை ஏற்றும் வரை காத்திருக்கிறேன்.