பெருக்கலும் சராசரியும்

முயன்றால் காரியம் கைகூடும் என்ற எதிர்பார்ப்பு, கைகூடினால் பலன் கிட்டும் என்ற நம்பிக்கை, அந்தப் பலன்மீது மெய்யாகவே கொண்ட விருப்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பெருகித்தான் ஊக்கம் பிறக்கிறதென்றும், அவற்றுள் ஒன்று சூனியமானாலும் மற்றவை எவ்வளவு ஓங்கியிருந்தும் பிரயோஜனமில்லையென்றும் கனடாவில் பிறந்த உளவியல் அறிஞர் விக்டர் வ்ரூம் 1964-இல் எழுதினார்.

இந்தச் சித்தாந்தத்தைக் கொண்டு ஊழியர் கருத்தாய்வுகளை அலசுவோர், ஒவ்வொரு கேள்விக்கும் குழுவின் சராசரியைக் கண்டு, அந்தச் சராசரிகளையே பெருக்கிவிடுவதைக் காணும்போது எனக்குச் சஞ்சலம் உண்டாகிறது. பத்துப் பேரில் ஐவருக்குத் தம் திறமையில் பூரண நம்பிக்கை, பலனில் இம்மியும் ஆசையில்லை. ஏனைய ஐவருக்கு ஆசை பூரணம், திறமையில் நம்பிக்கை சூனியம் என்று வைத்துக்கொள்வோம். பலன் கிட்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சராசரிகள் 0.5, 0.5, பெருக்கினால் 0.25. கால்வாசி ஊக்கமுள்ள குழு என்று அறிக்கை சொல்லும். உள்ளேயோ ஊக்கமுள்ள ஜீவன் ஒன்றுகூட இல்லை! முதல் ஐவருக்கு வேண்டியது வேறு வெகுமதி, மற்றவர்க்கு வேண்டியது பயிற்சி, 0.25 இரண்டையும் சொல்லாது. (ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பிடச் சொல்லும் தாள்களில் சூனியத்துக்கு இடமே இல்லை என்பது வேறு கதை.)

77 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வான் எர்டே, தியரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டதும், இச்சித்தாந்தம் மனிதரை மனிதரோடு ஒப்பிடுவதைவிட ஒரே மனிதரின் தேர்வுகளுக்குள் நன்கு பொருந்துகிறது என்பதே. ஆகவே தாள்தோறும் பெருக்கிவிட்டுப் பிறகு கூட்டுங்கள்; பெயரில்லாத தாளுக்கும் இது சாத்தியமே.