இல்லாத டோக்கியோவுக்கு நாலு நாள்

டோக்கியோவைச் சுற்றிப் பார்க்க நாலு நாள் போதுமா என்று யாராவது கேட்டால், எந்த டோக்கியோவை என்று திருப்பிக் கேட்கத்தான் வாய் வருகிறது. அங்கே சில காலம் பிழைத்துவிட்டுத் திரும்பியவனிடம் பயணத் திட்டம் கேட்பதில் உள்ள தொல்லை இது. ஓர் இடத்தின் பேரை எழுதியதுமே அது இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பல இடங்கள் நிற்பதில்லை.

இந்தத் தடவை கேட்டது அக்கா மகன். கல்யாணத்துக்குப் பிறகு அவனும் மனைவியும் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். "ஓட்டல், டிக்கெட்லாம் நான் பாத்துக்கிறேன் மாமா. எத எந்த நாள் பாக்கணும்னு மட்டும் போட்டுக் குடுங்க" என்றான். ஏப்ரல் கடைசியில் கிளம்பலாம் என்பது அவன் எண்ணம். வேண்டாம் என்றேன். ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை அங்கே அடுத்தடுத்து அரசு விடுமுறைகள் வரும். கோல்டன் வீக் என்பார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலில் நிற்கும். அது கழிந்து மே நடுவில் போனால் கூட்டமும் குறைவு, மழைக்காலமும் தொடங்கியிருக்காது.

அவனே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தான். ஷிபுயா ஸ்கை, அசாகுசா கோயில், ஹராஜுகு, கின்சா. குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்தின் நடுப்பகுதியை வளையமாகச் சுற்றி வரும் யமனோதே ரயிலை மனசில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் மேற்கு, ஒரு நாள் தெற்கு என்று பிரித்தால் அலைச்சல் மிச்சம். நான் இருந்த காலத்தில் அந்த வளையத்தில் 29 நிலையங்கள். 2020-இல் தகனாவா கேட்வே சேர்ந்து 30 ஆயிற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

முதல் நாள் விடியற்காலை என்று எழுதி, பக்கத்தில் சுகிஜி என்று எழுதினேன். பழக்கதோஷம். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் சுகிஜி மீன் சந்தைக்குத்தான் கூட்டிப்போவேன். நான் குடியிருந்த நிஷிகசாயில் தோசாய் தடத்தின் முதல் ரயிலைப் பிடித்து, கயாபாச்சோவில் ஹிபியா தடத்துக்கு மாறினால், ஏலம் முடிவதற்குள் போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, அடிபடாமல் ஒதுங்குவது. 'தாரே' என்று ஒரு சின்ன வண்டி. முன்னால் ஒரு பீப்பாய் மாதிரி எஞ்சின், அதன் தலையில் வட்டமாக ஸ்டியரிங், பின்னால் ஒரு பலகை, நின்றுகொண்டே ஓட்டுகிற ஆள். தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நாலா பக்கமும் பாய்ந்துகொண்டிருக்கும். ஈரத் தரை. ரப்பர் பூட்ஸ் இல்லாதவன் வெளியாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஏலக் கூடத்தில் உறைந்த சூரை மீன்கள், வால் நறுக்கப்பட்டு, வெண்புகை விட்டபடி வரிசையாகக் கிடக்கும். வாங்க வந்தவர்கள் கையில் ஒரு கொக்கியும் டார்ச் விளக்கும். வால் பக்கம் வெட்டிய இடத்தில் விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். கொக்கியால் துளி சதையைக் கிள்ளி, விரல் சூட்டில் நசுக்கி, நெய்ப்பு இருக்கிறதா என்று தேய்ப்பார்கள். யாரும் பேசுவதில்லை. பிறகு மணி அடிக்கும். ஏலம் விடுபவர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, பாட்டா மந்திரமா என்று புரியாத வேகத்தில் கூவத் தொடங்குவார். கேட்பவர்கள் விரலை மட்டும் காட்டுவார்கள். பல லட்சம் யென் கைமாறுவது பக்கத்தில் நிற்கும் நமக்குத் தெரியாது.

அந்த உள்சந்தை 2018 அக்டோபரில் மூடப்பட்டு, தொயொசுவுக்குப் போய்விட்டது. தொயொசுவில் ஏலம் உண்டு. பார்வையாளர்கள் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். கிட்டத்தில் இருந்து பார்ப்பதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் பேர் வர வேண்டும். சுத்தம், குளிர்சாதனம், ஒழுங்கு. மீனுக்கு நல்லது. சுகிஜியில் வெளிக்கடைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. முட்டை வறுவலைக் குச்சியில் செருகித் தருவார்கள். பையனும் பெண்ணும் அங்கே சாப்பிட்டுவிட்டு, சந்தையைப் பார்த்துவிட்டோம் என்றுதான் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும்.

ஏனென்றால் சுகிஜியே வந்து சேர்ந்த இடம்தான். எடோ காலத்திலிருந்து மீன் சந்தை நிஹொம்பாஷி ஆற்றங்கரையில் இருந்தது. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பூகம்பமும் தீயும் அதை அழித்த பிறகுதான் சுகிஜிக்கு நகர்ந்தார்கள்; நிரந்தரக் கட்டடம் 1935-இல் திறந்தது. சுகிஜியில் ஒரு கிழவர் எனக்குக் கத்தரிக்காய் ஊறுகாய் விற்பார். அவர் தாத்தா சாகும்வரை, "இதெல்லாம் ஒரு சந்தையா? நிஹொம்பாஷியில் பார்த்திருக்க வேண்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் தொயொசுவைப் பற்றிப் பேசும்போது என் குரலில் அந்தத் தாத்தா வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

சுகிஜியிலிருந்து ஷிம்பாஷி பக்கம் நடந்தால் வழியில் நகாகின் கேப்சூல் கோபுரம் என்று எழுதி, அதையும் அடித்தேன். கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் 1972-இல் கட்டியது. இரண்டு தூண்களில் 140 பெட்டி அறைகளை மாட்டிவைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கட்டில், ஒரு குளியலறை, வட்ட ஜன்னல். பழசானால் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டலாம் என்பது யோசனை. ஐம்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட மாற்றவில்லை. 2022-இல் மொத்தமாகக் கழற்றினார்கள். 23 பெட்டிகள் தப்பின. சில அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்கு கின்சாவில் நாயர் உணவகம் என்று எழுதினேன். அது இருக்கிறது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் ராஷ் பிஹாரி போஸோடு இருந்த ஏ. எம். நாயர் 1949-இல் தொடங்கிய கடை. முருகி லஞ்ச் என்று ஒன்று தருவார்கள்: மஞ்சள் சோறு, கோழிக்கால் குழம்பு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிடச் சொல்லி அங்கே வேலை செய்பவர்களே ஜப்பானியர்களுக்குப் பாடம் நடத்துவார்கள்.

இரண்டாம் நாள் மேற்கு. ஷிபுயா. அங்கேதான் என் பேனா ரொம்ப நேரம் நகரவில்லை.

1998 கோடை. நான் போய்ச் சேர்ந்த புதிது. ஸ்பெயின்-சகா என்ற குறுகலான மேட்டுத் தெருவின் உச்சியில் சினிமா ரைஸ் என்று ஒரு தியேட்டர். கலைப்படங்கள் போடுகிற இடம். அதன் வாசலில் ரஜினிகாந்தின் படம் தொங்கியது. 'முத்து.' நம் ஊரில் 1995-இல் வந்து ஓடி முடிந்த படம். ஒரு ஜப்பானிய விமர்சகர் சிங்கப்பூரில் பார்த்துப் பிடித்துப்போய் முயற்சி எடுத்ததால் இங்கே வந்தது. நடனமாடும் மகாராஜா என்று பேரோடு ஒரு வால் சேர்த்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் வெளிநாட்டான். மற்றவர்கள் கல்லூரிப் பெண்கள், கழுத்துப்பட்டை கட்டிய ஆபீஸ்காரர்கள், கைக்குட்டையை மடித்து வைத்திருந்த இரண்டு பாட்டிகள்.

விளக்கு அணைந்தது. திரையில் புள்ளி புள்ளியாகக் கூடி சூப்பர் ஸ்டார் பட்டம் வந்தது. எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்த நேரத்துக்குக் காகிதம் பறக்கும், காது கிழியும். இங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் இரண்டு விரலும் தானாக உதட்டுக்குப் போய், பாதியில் இறங்கின. படம் நெடுக அப்படியே இருந்தார்கள். 'தில்லானா' பாட்டு வந்தபோதுதான் பக்கத்துப் பெண்ணைக் கவனித்தேன். முகம் அசையவில்லை, மடியில் வைத்திருந்த படக் கையேட்டில் ஒரு விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு தோள் அசைந்தது. அதற்கடுத்து இன்னொன்று. சத்தமே இல்லாமல் ஒரு தியேட்டர் ஆடியதை அன்றுதான் பார்த்தேன். படம் முடிந்து விளக்கு எரியும்வரை ஒருத்தர் எழவில்லை. பிறகு தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்தக் கூட்டம் கையேடும் பாட்டு சி.டி.யும் வாங்க மறுபடி வரிசையில் நின்றது.

படம் மாதக்கணக்கில் ஓடியது. அதன் பிறகு ஆபீசில் யார் ஊரைக் கேட்டாலும் எனக்குச் சுலபமாகிவிட்டது. முத்து ஊர் என்பேன்.

சினிமா ரைஸ் 2016 ஜனவரியில் மூடியது. கட்டடம் நிற்கிறது, உள்ளே இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஜிம்போச்சோவில் இவானாமி ஹாலும் 2022-இல் போய்விட்டது. 1974-இல் சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்' படத்தோடு உலக சினிமாத் திரையிடலைத் தொடங்கிய அரங்கு அது. ராயும் ரஜினியும் ஒரே நகரத்தில் ஒவ்வொரு வாசல் வழியாக நுழைந்தார்கள். இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன.

ஷிபுயாவில் தொயோகோ தடத்தின் பழைய நிலையமும் இல்லை. வளைவு வளைவான கூரையின் கீழ் ரயில்கள் வந்து முட்டி நிற்கும். 2013 மார்ச்சில் அதைப் பூமிக்கடியில் இறக்கிவிட்டார்கள். எஜமானுக்காக நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ நாயின் சிலை மட்டும் இருக்கிறது. பக்கத்தில் சந்திக்கும் இடமாக நின்ற பச்சை ரயில் பெட்டியை 2020-இல் அகிதாவின் ஓதாதே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஹச்சிகோ பிறந்த ஊர் அது. நாய் காத்திருந்த ஊரில் பெட்டி இல்லை; நாய் பிறந்த ஊரில் பெட்டி காத்திருக்கிறது. அவன் கேட்ட ஷிபுயா ஸ்கையை மாலைக்குப் போட்டேன். 229 மீட்டர் உயரம். அங்கிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது.

இப்படி ஏன் இந்த ஊர் தன்னைத் தானே இடித்துக்கொண்டிருக்கிறது என்று அங்கே இருந்தபோது எரிச்சல்பட்டதுண்டு. யோசித்தால் காரணம் இல்லாமல் இல்லை. 1923-இல் ஒரு தடவை, 1945 மார்ச் 10 இரவு குண்டுவீச்சில் இன்னொரு தடவை என்று, ஒரே தலைமுறை தன் ஊர் எரிந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1981-இல் கட்டடங்களுக்குப் புதிய நிலநடுக்க விதி வந்தது. அதற்கு முந்தைய கட்டடத்தைப் பலப்படுத்துவதைவிட இடித்துக் கட்டுவது பல சமயம் மலிவு. 1924-இல் கட்டிய ஹராஜுகு மர நிலையம் போர்க் குண்டுகளுக்குத் தப்பியது. தீத்தடுப்பு விதிக்குத் தப்பவில்லை, 2020-இல் பிரித்துவிட்டார்கள். அசாகுசாவில் பழமை என்று எல்லோரும் படம் எடுக்கும் சென்சோஜியின் பெரிய மண்டபம்கூட 1945-இல் எரிந்து 1958-இல் கான்கிரீட்டில் எழுந்தது. கும்பிடுகிறவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் பட்டியலில் இல்லாத இரண்டு இடங்களைச் சேர்த்தேன்.

ஒன்று, மூன்றாம் நாள் மாலை ஜிங்கு பேஸ்பால் மைதானம். 1926-இல் திறந்தது. 1934-இல் அமெரிக்காவின் பேப் ரூத் அங்கே ஆடியிருக்கிறார். யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி ஓட்டம் எடுத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் சின்னக் குடைகளை விரித்து, டோக்கியோ ஓந்தோ பாட்டுக்கு ஏற்றி இறக்குவார்கள். முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு பெண்கள் படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். எதிர்ப்புகளை மீறி, அந்த மைதானத்தையும் இடித்து அருகிலேயே புதிதாகக் கட்டப்போகிறார்கள். விளையாட்டின் விதி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். முத்துவைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தமிழ் தெரிந்திருந்ததா?

இன்னொன்று, கிளம்பும் நாள் காலையில் நிஹொம்பாஷி பாலம். மீன் சந்தை முதலில் இருந்த அதே கரை. இப்போதுள்ள கல் பாலம் 1911-இல் கட்டியது. நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு அங்கேதான் தொடக்கப் புள்ளி. 1964 ஒலிம்பிக்குக்கு முன், நிலம் கையகப்படுத்தும் சிரமமில்லாமல் ஆறுகளின் மேலேயே விரைவுச் சாலைகளைப் போட்டார்கள். 1963-இல் இந்தப் பாலத்துக்கு வானம் போயிற்று. அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் வேலை இப்போது நடக்கிறது. 2040 வாக்கில் மேலே இருப்பதை அகற்றி முடிப்பதாகத் திட்டம்.

"ஒரு பாலம், அதுக்கு மேல ஒரு பாலம். இதுல பாக்க என்ன மாமா இருக்கு?" என்று திட்டத்தைப் படித்துவிட்டுக் கேட்டான். அடியில் நின்று அண்ணாந்து, அந்த அழுக்குக் கான்கிரீட்டை நாலு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கல் பாலம் எப்படியும் இருக்கும். பிறந்ததிலிருந்து அந்தச் சாலையின் நிழலிலேயே கடை வைத்து, அதன் இரைச்சலிலேயே கணக்கு எழுதியவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். வானம் திரும்பி வந்த பிறகு அந்த நிழலை நினைத்து ஏங்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.