வண்டலூரில் பிறந்த சக்கரம்

ஆரணி பக்கத்து முள்ளிப்பட்டில் தறியில் உட்காருபவர்களுக்குப் பாவின் கணக்கு தெரியும். அதிகம் இழுத்தால் இழை அறும். தளர்ந்தால் நெசவு கெடும். அங்கிருந்து செய்யாறு, காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் என்று வந்தால் வண்டலூர். அதே கணக்கை இரும்பில் போட்ட ஊர் இது.

இங்கேதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1962ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் உடன்பிறப்பு. முன்சக்கர அமைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓடும்போது முன்சக்கரம் முனகினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். விட்டுவைத்தால் சக்கரமே ஆட்டம் காணும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள். உருளைகளை மட்டும் மாற்றினால் போதாது. அவை உட்காரும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருளைகளின் இடுக்கில் கிரீஸை அழுத்தி நிரப்பி, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். பாவுக்குச் சொன்னதேதான்!

1980களின் கடைசியில் வண்டலூரில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பொறுமையாக மெக்கானிக் வேலை பார்ப்பவர்களால் ஹெரால்டுகள் இன்னும் ஓடுகின்றன.

வேலை முடிந்ததும் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்கும் சூடுதான் என்றால், முள்ளிப்பட்டு வரை நிம்மதியாகப் போய்வரலாம்.