ஊட்டியில் ஒரு புகைப் புராணம்

"போயும் போயும் ஜனவரியிலா ஊட்டிக்குப் போறீங்க?" என்று கேட்காதவர்களே இல்லை. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவு கிடைத்தது. என்ன செய்வது! ஒன்றரை வயசுப் பேரனுக்கு ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 46 கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கி ஏறும் ரயில் அல்லவா? ஊட்டி போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

தங்கியது வெள்ளைக்காரர் காலத்து பங்களா. 1822-ல் ஜான் சல்லிவன் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொருவராக வந்து வீடு கட்டினார்கள். தங்கள் ஊர் வழக்கப்படி கணப்பும் புகைபோக்கியும் வைத்தார்கள். எங்கள் கூடத்திலும் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கணப்பு! பார்த்ததும் என் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

ராத்திரி மூட்டினோம். பத்தே நிமிஷம்தான்... புகை மேலே போகாமல் கூடம் முழுக்கச் சூழ்ந்துகொண்டது. குழந்தை இருமி இருமி முகமெல்லாம் சிவந்துவிட்டது. "குளிர்காற்று வருது, ஜன்னலை இறுக்கிச் சாத்துங்க" என்றார் மாப்பிள்ளை. சாத்தினோம். புகை இன்னும் அதிகமாயிற்று!

தண்ணீர் தெளித்து நெருப்பை அணைத்தோம். காவல்காரர் ஓடி வந்தார். "கவலைப்படாதீங்கம்மா, சட்டியிலே கரி நெருப்பு போட்டுத் தர்றேன். படுக்கிற ரூமிலே வச்சுக்குங்க. புகையே வராது" என்றார்.

"வேண்டவே வேண்டாம்" என்றேன். புகை வராது, வாஸ்தவம்தான். ஆனால் கரி நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருமே! அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய அறையில் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். இருந்த கம்பளியையெல்லாம் போர்த்து, பேரனை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தோம்.

விடிந்து பார்த்தால் புல்வெளி முழுக்க உறைபனி! காவல்காரர் ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டி வந்தார். கூரை மேல் ஏறி, புகைபோக்கியிலிருந்து ஒரு கூடை கரியும் பழைய பறவைக் கூடும் எடுத்தார். விறகைத் தட்டிப் பார்த்தார். "இது ஈர விறகும்மா. வெட்டி ஆறு மாசமாவது காயணும். காஞ்ச கட்டை 'டங்'குன்னு சத்தம் கொடுக்கும்."

காய்ந்த விறகு வந்தது. கணப்பின் பின்சுவரை ஒட்டி அடுக்கச் சொன்னார். மூட்டுவதற்கு முன் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கிக்குள் உயர்த்திப் பிடித்தார். உள்ளே தங்கியிருக்கும் குளிர்காற்று சூடானால்தான் மேல்நோக்கி இழுக்குமாம். ஜன்னலையும் நாலு விரல் திறந்தார். "உள்ளே காத்து வந்தாத்தானேம்மா வெளியே புகை போகும்?"

அப்படியும் கொஞ்சம் புகை எட்டிப் பார்த்தது. "வாய் பெரிசு, தொண்டை சின்னது" என்று சிரித்தவர், ஒரு தகரத்தைக் கணப்பு வாயின் மேல் விளிம்பில் பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினார். ஆறு அங்குலம் இறங்கியதும் புகை நின்றது! அந்த அளவிலேயே தகரத்தைப் பொருத்திவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு படித்தேன். 1796-லேயே ரம்ஃபோர்டு பிரபு என்பவர், கணப்பின் வாயையும் தொண்டையையும் குறுக்கினால் புகை அடங்கும் என்று எழுதி, லண்டன் வீடுகளில் செய்தும் காட்டினாராம். எங்கள் கொத்தனார் எந்தப் புத்தகத்தைப் படித்தார்!

அன்று ராத்திரி கணப்பு ஜம்மென்று எரிந்தது. பேரன் என் மடியிலேயே தூங்கிப்போனான். "ஜன்னலைச் சாத்தட்டுமாம்மா?" என்று எழுந்தாள் பெண்.

"நாலு விரல் அப்படியே இருக்கட்டும்டீ. நெருப்பு முழுக்க அணையட்டும். அப்புறம் சாத்தலாம்" என்றேன்.

நம் வீட்டு விறகடுப்புக்கும் வெந்நீர் அடுப்புக்கும் இதே கணக்குத்தான். புகை போக ஒரு வழி, காற்று வர ஒரு வழி. இரண்டும் இருக்கிறதா என்று இன்றே ஒரு தரம் பார்த்துவிடுங்களேன்!