விமானம் இறங்கத் தயங்கும் ஊர்

பாப்புவா மலையில் ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும். அடுத்த பல மாதங்களுக்கு அடுப்பில் வைக்கக் கிழங்கு இருக்காது.

அகண்டுகுமேவுக்குச் சாலை கிடையாது. இந்தோனேசியாவின் மத்தியப் பாப்புவா மாகாணத்தில், புன்சாக் மாவட்டத்தின் மலை மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் இந்த ஊரை அடைய இரண்டே வழிகள்தான். ஒன்று, ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம். மற்றொன்று, சொந்தக் கால்கள். பக்கத்து ஊர் என்று சொல்லத்தக்க சினாக்கிலிருந்து நடந்தால் இரண்டு நாள் வரை ஆகும்.

விமானமும் நினைத்த நேரத்துக்கு வந்துவிடாது. பாப்புவா மலைகளில் மதியத்துக்குள் மேகம் கவிழ்ந்துவிடும் என்பதால் எல்லாப் பயணமும் காலையில்தான். இந்த மலைகளின் ஓடுபாதைகள் பல, சரிவில் வெட்டிய மண் திட்டுகள். மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். எதிரே மலைச் சுவர் நிற்பதால் தவறினால் மீண்டும் ஒரு சுற்று சுற்றி வர இடமிருக்காது. அரிசி, உப்பு, மருந்து, மண்ணெண்ணெய், பள்ளி ஆசிரியர் எல்லாமே வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். விலையும் வானத்தில்தான். 2016-ல் நாடு முழுவதும் பெட்ரோலுக்கு ஒரே விலை என்று அதிபர் ஜோகோ விடோடோ அறிவித்தபோது அந்த விலை லிட்டர் 6,450 ரூபியா. அதே பெட்ரோல் பாப்புவா மலைப் பகுதிகளில் 60,000-லிருந்து ஒரு லட்சம் ரூபியா வரை விற்றுக்கொண்டிருந்தது.

உலகின் இரண்டாவது பெரிய தீவு நியூ கினி. கிழக்குப் பாதி 1975-ல் பாப்புவா நியூ கினி என்ற தனி நாடானது. மேற்குப் பாதி 1963-ல் டச்சுக்காரர்களிடமிருந்து கைமாறி இந்தோனேசியாவிடம் வந்தது. அது வந்த விதம் பற்றிய தகராறு இன்றும் துப்பாக்கி முனையில் தொடர்கிறது. தீவின் நடுவே ஓடும் மலைத்தொடரில் மக்களே இல்லை என்றுதான் வெளியுலகம் வெகுநாள் நினைத்திருந்தது. 1938-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஆர்ச்போல்ட் விமானத்திலிருந்து பாலியெம் பள்ளத்தாக்கைப் பார்த்தபோது கீழே தெரிந்தது காடல்ல. வாய்க்கால் வெட்டி, வேலி கட்டி, கட்டம் கட்டமாகப் பயிரிட்ட வயல்கள்.

அந்த வயல்களின் ராஜா சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது என்பது பொதுவான கணிப்பு. அதற்கு முன்பே இங்கு விவசாயம் உண்டு. பாப்புவா நியூ கினியின் கூக் சதுப்பு நிலத்தில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சாகுபடித் தடயங்கள் கிடைத்துள்ளன. ஆனால், பழைய சேப்பங்கிழங்கைவிட அதிக உயரத்தில், மெலிந்த மண்ணிலும் விளையும் என்பதால் சர்க்கரைவள்ளி வந்தபின் மலை மக்கள் இன்னும் மேலே ஏறிப் போய்க் குடியேற முடிந்தது. காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு. மிஞ்சியது பன்றிக்கு.

புன்சாக்கில் வாழ்பவர்கள் பெரும்பாலும் டமால், லானி இனத்தவர்கள். வீட்டுக்கு ஹொனாய் என்று பெயர். வட்டமான மரச் சுவர், குடை கவிழ்த்தது போலப் புல் கூரை, குனிந்து நுழையும் வாசல், ஜன்னலே கிடையாது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேறொன்று. நடுவே இரவெல்லாம் நெருப்பு எரியும். குளிரைத் தாங்க வேறு வழியில்லை. அதற்கு நுரையீரல்கள் தரும் விலை அதிகம். பிறந்த குழந்தையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது.

வயல் வேலையில் பெரும் பங்கு பெண்களுடையது. நார்ப் பின்னலாலான நோக்கென் பையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் கிழங்கையும் சில சமயம் அதன் மேல் குழந்தையையும் சுமந்து திரும்புகிறார்கள். 2012-ல் இந்தப் பையை யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்கப்பட வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. சுமப்பவர்களுக்கு அப்படிப் பட்டியல் ஏதுமில்லை.

சர்க்கரைவள்ளியில் ஒரு சங்கடம் உண்டு. நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. தோண்டியதைச் சில நாட்களில் தின்றாக வேண்டும். எனவே மண்தான் களஞ்சியம். அன்றாடத் தேவைக்கு அன்றாடம் தோண்டுவார்கள். உறைபனி தாக்குவது நேராக அந்தக் களஞ்சியத்தையே. எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்த்து, வானம் மேகமின்றித் தெளிந்துவிடும். பகலில் வெயில், இரவில் மண்ணின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். சுமார் 2,200 மீட்டருக்கு மேலுள்ள தோட்டங்களில் விடியற்காலை வெள்ளைப் பூச்சு தெரியும். வெயில் ஏறியதும் கொடிகள் கருகிப்போகும். பிறகு கிழங்கு அழுகத் தொடங்கும். மறுபடி கொடி நட்டால் இந்தக் குளிரில் முற்றுவதற்கு எட்டு மாதத்துக்குக் குறையாது.

2023-ல் நடந்தது அதுதான். அகண்டுகுமே, லம்பேவி பகுதிகளில் கிழங்குத் தோட்டங்கள் நாசமாயின. சுமார் 7,500 பேர் பாதிக்கப்பட்டனர். ஜூலை இறுதிக்குள் ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று காரணம் எழுதப்பட்டது. பட்டினிச் சாவா, நோய்ச் சாவா என்ற இந்த வழக்கு, ஒரிசாவின் காளஹண்டியைப் பற்றிப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. வயிற்றில் வேறெதுவும் இல்லாதவன் அழுகிய கிழங்கைத் தின்று இறந்தால் மருத்துவக் குறிப்பில் பசி இடம்பெறுவதில்லை.

அரிசி இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுபோக விமானிகள் தயங்கினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில், நடுகா மாவட்டத்தின் பாரோ ஓடுபாதையில் இறங்கிய நியூசிலாந்து விமானி பிலிப் மெர்டென்ஸைப் பிரிவினைப் போராளிகள் பிடித்துச் சென்று விமானத்தைக் கொளுத்தியிருந்தனர். 2024 செப்டம்பரில்தான் அவர் விடுதலையானார். இந்த நிலையில் எந்த விமானி துணிவார்? பாதுகாப்பு இல்லாததால் விமானங்கள் இறங்க அஞ்சுகின்றன என்று அதிபரே ஒப்புக்கொண்டார். சினாக் வரை வந்த மூட்டைகளுக்காகப் பசித்தவர்கள் மலையேறி இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

பனி இந்த மலைகளுக்குப் புதிதல்ல. விமானமும் அரிசியும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? எல்லைக்கு அப்பால், பாப்புவா நியூ கினியின் எங்கா மக்களிடம் இதற்கான விடையைத் தேடினார் எரிக் வாடெல் என்ற புவியியலாளர். அங்கே கிழங்கைத் தரையில் நடுவதில்லை. தழையை உள்ளே புதைத்துப் பெரிய மண் மேடு எழுப்பி, மேலே நடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது; அது தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்க, கொடி மேட்டில் தப்பிவிடும். அதையும் மீறிப் பனி கடித்தால் பன்றிகளை ஓட்டிக்கொண்டு, தாழ்வான பள்ளத்தாக்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும், பன்றி கொடுத்ததும் வாங்கியதும் அந்த நாளுக்கான முதலீடுதான். 1972-ல் கடும் பனி விழுந்தபோது அன்றைய ஆஸ்திரேலிய நிர்வாகம் ஊருக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்தது. மக்கள் நடக்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்த உதவிதான். ஆனால் பழைய ஏற்பாட்டை அது பலவீனப்படுத்தியது என்றார் வாடெல்.

புன்சாக்கில் நிலைமை இன்னும் மோசம். பள்ளியும் சுகாதார நிலையமும் தேவாலயமும் ஓடுபாதையின் ஓரத்தில் அமைய, குடும்பங்களும் அங்கே நெருங்கி வந்துவிட்டன. ராணுவமும் போராளிகளும் நடமாடும் மலைப் பாதையில் பிள்ளைகளையும் பன்றிகளையும் கூட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடப்பது முன்போல் எளிதல்ல. ஆகாய வழியை நம்பி நடைவழியை விட்டார்கள். இப்போது இரண்டிலும் துப்பாக்கி நிற்கிறது.

இதே மலைத்தொடரில், மிமிகா மாவட்டப் பக்கம், கிராஸ்பெர்க் சுரங்கம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று. பனி படர்ந்த சிகரத்தின் அருகே வரை சாலை போட்டு, தாதுவைக் குழாயில் கரைத்துக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். உயரமும் சரிவும் பொறியாளர்களுக்கு அங்கே தடையாக இல்லை.

2023 பஞ்சத்துக்குப் பிறகு, சினாக்கில் உணவுக் கிடங்கு கட்டப்படும் என்று அரசு அறிவித்தது. அங்கே ஓடுபாதை ஓரளவு பெரியது, விமானங்கள் வருகின்றன. சினாக்கிலிருந்து அகண்டுகுமேவுக்கு, முதுகில் அரிசி மூட்டையோடு, அதே இரண்டு நாள் நடை.