படிப்பதுதான் வேலை

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சண்டைசர் என்று ஒரு வேலை உண்டு. நாங்கள் தைப்பதில்லை, வெட்டுவதில்லை, சாயம் போடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பையர் என்ன கேட்கிறார் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு, நிட்டிங்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் அவரவர் மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. பையரை நேரில் பார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்தால் அதிகம். மற்றதெல்லாம் மெயிலில்தான் நடக்கிறது. ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய டெக் பேக் மெயிலில் வரும். சாம்பிளைப் பற்றிய கருத்து மெயிலில் வரும். விலை பேசுவதும், தேதி தள்ளிப்போவதும், கோபப்படுவதும், மன்னிப்பதும் மெயிலில்தான். 2024-25இல் இந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய் அளவை எட்டியது. அதில் பெரும்பகுதி எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து படித்த மெயில்களின் வழியாகவே நகர்ந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபேக்ஸ்தான். அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டிருந்தாலும் எங்கள் அலுவலகத்துக்கு மெயில் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. ஃபேக்ஸ் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிப்போகும். அதனால் வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியில் பேனாவால் அடிக்கோடு போடுவோம். எங்கள் மேனேஜர் சார் முதலில் கற்றுக்கொடுத்தது அந்த அடிக்கோட்டைத்தான். "ஓகேன்னு எழுதியிருக்கிற எடத்துல கோடு போடாதீங்கம்மா. 'ஆனா'ன்னு தொடங்குற எடத்துல போடுங்க" என்பார். நிபந்தனை, விதிவிலக்கு, முன்பு சொன்னதை மாற்றும் சொல், தேதி, அளவு, இவற்றின் கீழே கோடு விழும். மெயில் வந்த பிறகு பேனா போனது. பழக்கம் போகவில்லை. இன்றும் ஒரு மெயிலைத் திறந்தால் என் கண் முதலில் 'ஆனால்' எங்கே என்றுதான் தேடும்.

இந்த வேலையின் நடுவே, அண்மைக் காலமாக, மெயிலுக்கு மேலே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே இருக்கும் நீண்ட தொடரை மூன்று வரியில் சுருக்கித் தருகிறது. பதில் எழுதத் தொடங்கினால், எழுதித் தரட்டுமா என்று கேட்கிறது. பாதி வாக்கியத்தில் மீதியைச் சாம்பல் நிறத்தில் நீட்டுகிறது. நாங்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்தபோது அது அங்கே இருந்தது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நல்ல சுறுசுறுப்பு, ஒருநாள் என் மேசைக்கு வந்தாள். "அக்கா, அந்த போலோ ஸ்டைல் ஓகே ஆயிருச்சுங்க்கா. துணியைச் சாயத்துக்குப் போட்டுறலாங்களா?"

"மெயிலைப் படிச்சியா கண்ணு, மேல இருக்கிற பெட்டியைப் படிச்சியா?"

"பெட்டியிலயே போட்டிருக்குதுங்களே அக்கா, அப்ரூவ்டுன்னு."

இருவரும் உட்கார்ந்து மெயிலைத் திறந்தோம். பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: ஃபிட் சாம்பிள் ஏற்கப்பட்டது, கழுத்தகலம் அரை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், ஷிப்மென்ட் தேதியில் மாற்றமில்லை. மூன்றுமே உண்மை. மெயிலின் அடியில், கையொப்பத்துக்குச் சற்று மேலே, பையர் இன்னொரு வரி எழுதியிருந்தார். லேப் டிப்பில் 'பி' கிட்டத்தட்டச் சரி, ஆனால் சிவப்பு சற்றுத் தூக்கல். மறுபடி அனுப்புங்கள், அதுவரை மொத்தத் துணியைத் தொட வேண்டாம். பெட்டியில் அந்த வரி இல்லை.

லேப் டிப் என்பது கைக்குட்டையைவிடச் சிறிய துணித் துண்டு. சாயப்பட்டறை ஒரே நிறத்தை ஏ, பி, சி என்று சிற்சில மாற்றங்களோடு போட்டுக் கொடுக்கும். பையர் அதைத் தன் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்வார். அந்தத் தேர்வு வராமல் மொத்தத் துணியும் சாயத்தொட்டியில் இறங்கிவிட்டால், அதற்குமேல் இரண்டே வழிதான். ஒன்று, அடர்நிறத்துக்கு மாற்றி வேறு ஆர்டருக்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் இங்குள்ள காதர்பேட்டைச் சந்தையில் ஸ்டாக் லாட்டாகக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும். புதுத்துணி போட்டுத் தைப்பதற்குள் கப்பல் போய்விடும். விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் முழுக்க சரக்குக் கட்டணத்திலேயே கரைந்துவிடும். அன்று துணி இறங்கவில்லை. அந்தப் பெண் அதன்பின் மெயிலை அடிவரை படிக்காமல் என்னிடம் வந்ததில்லை.

அந்த வரி ஏன் விடுபட்டது என்று நான் நிறைய யோசித்தேன். அதற்குப் பொருத்தமான ஒரு செய்தி இத்தொழில்நுட்பத்தின் தொடக்க நாட்களிலேயே கிடைக்கிறது. கூகுள் 2015இல் மெயிலுக்குச் சிறு பதில்களைத் தானே பரிந்துரைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சோதனையில் இருந்தபோது அது எந்த மெயிலுக்கும் 'ஐ லவ் யூ' என்று பதில் சொல்லப் பரிந்துரைத்ததாம். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே இதை எழுதியிருக்கிறார்கள். உலகில் அதிகம் எழுதப்படும் பதில்களில் அதுவும் ஒன்று என்பதால், நிச்சயமில்லாத இடத்தில் இயந்திரம் அதன் பக்கம் சாய்ந்தது. பின்னால் சரிசெய்துவிட்டார்கள். 2018இல் பாதி வாக்கியத்தை முடித்துத்தரும் வசதி வந்தபோதும் இதே சாய்வு வேறு உருவத்தில் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு முதலீட்டாளரைச் சந்திக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதினால், தொடர்ந்து வரும் கேள்வியில் அந்த முதலீட்டாளரை ஆணாகவே அது வைத்துக்கொண்டது. கூகுள் அதன்பின் ஆண்பால், பெண்பால் பதிலிச் சொற்களையே பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது.

இவை வழக்கமானதை நோக்கிச் சாயும் கருவிகள். பொதுவான கடிதங்களுக்கு அது போதுமாக இருக்கலாம். எங்கள் தொழிலில் பணத்தைக் காப்பாற்றுவது வழக்கத்துக்கு மாறான அந்த ஒரு வரிதான். நூறு மெயில்களில் 'ஏற்கப்பட்டது, அனுப்புங்கள்' என்று இருக்கும். நூற்றியோராவதில் 'ஏற்கப்பட்டது, ஆனால்' என்று இருக்கும். மெர்ச்சண்டைசருக்குச் சம்பளம் கொடுப்பது அந்த 'ஆனால்' கண்ணில் படுவதற்காக. படிக்கும் சிரமத்தைக் குறைக்கிறேன் என்று வருகிற கருவி, எங்கள் விஷயத்தில், வேலையையே தன் கையில் எடுத்துக்கொள்கிறது. தவறினால் பொறுப்பு மட்டும் எங்களிடமே நிற்கிறது.

படிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நாள்பட எழுதிக்கொண்டிருந்தால் ஆளின் நடை தெரிந்துவிடும். ஒருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் இரண்டு வரியில் முடிப்பார். ஒருவர் ஒவ்வொரு கேள்விக்கும் எண் போடுவார். ஒருவருக்குக் கோபம் வந்தால் வாக்கியம் மிகவும் மரியாதையாக மாறும். இந்தப் பழக்கந்தான் பெரிய மோசடியிலிருந்து எங்களைக் காக்கிறது. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று பையருக்கு எங்கள் பெயரில் ஒரு மெயில் போகும். நூல் கொடுக்கும் மில்லின் பெயரில் எங்களுக்கும் வரும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அலுவலக மெயிலை ஏமாற்றிப் பணம் பறிக்கும் இவ்வகைக் குற்றத்தால் 2024இல் மட்டும் 277 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் புகார்கள் பதிவாகியிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்கும் அனுபவசாலிகள் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: "அவர் இப்படி எழுத மாட்டாரே."

சுருக்கத்தில் நடை தெரியாது. எண் போடுபவரும் வணக்கம் சொல்லாதவரும் அங்கே ஒரே குரலில் பேசுவார்கள். இரு பக்கமும் இயந்திரத்தை வைத்தே எழுதத் தொடங்கினால் மூல மெயிலிலும் நடை மறைந்துவிடும். எல்லாரும் ஒரே மாதிரி பணிவாக, ஒரே மாதிரி பிழையின்றி எழுதும் இடத்தில் திருடனின் மெயில் தனித்துத் தெரியாது. சுருக்கப் பெட்டியையே ஏமாற்ற முடியும் என்பதையும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 ஜூலையில் காட்டினார்கள். மெயிலின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரு கட்டளையை ஒளித்து வைத்தார்கள். மனிதர் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஜிமெயிலில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஜெமினியிடம் சுருக்கம் கேட்டபோது, உங்கள் கடவுச்சொல் திருடப்பட்டுவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்ற பொய் எச்சரிக்கையைச் சுருக்கத்தோடு சேர்த்துக் காட்டியது.

எனக்கு இயந்திரத்தின் மேல் வெறுப்பு இல்லை. குப்பை மெயிலை வடிகட்டித் தள்ளும் ஏற்பாடு இல்லாவிட்டால் நாங்கள் ஒருநாள்கூட வேலைசெய்ய முடியாது. ஸ்பெயினிலிருந்து வரும் மெயிலை மொழிபெயர்த்துப் பார்க்க நானே அதைத் தேடிப் போகிறேன். மூன்று ஆண்டுக்கு முந்தைய விலையைத் தேடலில்தான் கண்டெடுக்கிறேன். இவையெல்லாம் நான் கூப்பிட்டால் வருபவை, அல்லது என் எழுத்திலும் படிப்பிலும் கைவைக்காமல் வாசலோடு நிற்பவை. சமையல்காரர் கேட்காமலே அவர் குழம்பில் உப்பைக் கொட்டுபவரை யாரும் உதவியாள் என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உலகம் முழுக்க மெயில் பயன்படுத்துபவர்களின் எரிச்சலும் இங்கேதான் இருக்கிறது. 2025 ஜனவரியில் கூகுள், அதுவரை தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஜெமினியை அலுவலகங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் திட்டங்களுக்குள் சேர்த்து, விலையையும் ஏற்றியது. வேண்டாம் என்பவருக்கும் அதே விலைதான். மைக்ரோசாஃப்ட் அதே மாதம் பெரும்பாலான நாடுகளில் வீட்டுச் சந்தாக்களில் தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கோபைலட்டைச் சேர்த்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியிலேயே அதைச் சேர்த்திருந்தது; அங்கே தனிநபர் சந்தா ஆண்டுக்கு 109 டாலரிலிருந்து 159 டாலராக உயர்ந்தது. கோபைலட் இல்லாமல் பழைய விலையிலேயே தொடர ஒரு வழி இருந்தது. சந்தாவை ரத்துசெய்யப் போகிறவரின் கண்ணில் மட்டும் அது பட்டது என்று குற்றம் சாட்டி, அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 27 லட்சம் பேர் என்று ஆணையம் சொன்னது. அடுத்த மாதம் மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது.

அணைக்கும் வழியிலும் சிக்கல் இருக்கிறது. ஜிமெயிலில் 'ஸ்மார்ட் வசதிகள்' என்ற ஒரே பொத்தானுக்குள் பலவற்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை அணைத்தால் எழுத்துப் பிழை திருத்தமும், விளம்பர மெயில்களைத் தனியே பிரிக்கும் வசதியும் சேர்ந்தே போய்விடும். பழகியதை இழக்க மனமில்லாமல் பலரும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் மட்டும் அந்தப் பொத்தான் தொடக்கத்திலேயே அணைந்த நிலையில் கொடுக்கப்படுகிறது. எங்கள் பையர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரே மெயில் தொடரை ஹாம்பர்க்கில் படிப்பவரிடம் முதலில் கேட்கிறார்கள். திருப்பூரில் படிப்பவரிடம் கேட்பதில்லை. அங்கே சட்டம் கண்டிப்பாக இருப்பதால் இந்த வேறுபாடு.

நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும், விவரம் தெரிந்தும், நிபந்தனை இல்லாமலும் தரப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வைத்திருக்கிறார்கள். பிழை திருத்தம் வேண்டுமென்றால் சுருக்கப் பெட்டியையும் வைத்துக்கொள் என்பது நிபந்தனை இல்லாத ஒப்புதலா என்று அப்போது யாராவது கேட்க வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு நூல் விலையும் கப்பல் கட்டணமும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தக் கேள்வி.

மெயில் சேவை நடத்துபவர்களிடம் நான் கேட்பது மூன்று. அணைந்த நிலையில் கொடுங்கள், வேண்டியவர் திறந்துகொள்வார். ஒவ்வொரு வசதிக்கும் தனிப் பொத்தான் வையுங்கள். வேண்டாம் என்பவரிடம் அதற்கான விலையை வாங்காதீர்கள்.

என் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கே உங்கள் மெயிலின் அமைப்புகளைத் திறந்து, எது இயங்குகிறது, எதை நீங்கள் கேட்டீர்கள் என்று பாருங்கள். சுருக்கம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலைப் படித்து முடித்த பிறகு பாருங்கள். அளவு, நிறம், தேதி, வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் பையர் எழுதிய வரியில் உங்கள் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். சாயப்பட்டறைக்குப் போகும் சீட்டில் கையெழுத்து உங்களுடையது.