காமிரா வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

வீடியோ காமிரா வாங்கப் போனா நம்ம ஆளுங்க கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மெகா பிக்சல்?" அடுத்தது, "ஜூம் எவ்வளவு?" கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மூணாவதா ஒண்ணு பார்ப்பாங்க: தோளில் வச்சா பெருசா தெரியுதா? சின்னக் காமிராவோடு போய் நின்றால் பெண் வீட்டார் முகம் சுளிப்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் என்ன சைஸ் என்று கேட்டவரை நான் பார்த்ததே இல்லை, என் மாமா உட்பட.

மாமா கண்ணமங்கலத்தில் வீடியோக்காரர். போன கோடையில், "மாப்ள, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற இல்ல, நீயே ஒரு காமிரா சொல்லு" என்றார். கல்யாணத்துக்கு அல்ல, தெருக்கூத்துக்கு. எங்கள் பக்கத்து வாத்தியார் ஒருவர் எழுபதைத் தாண்டியும் கர்ண மோட்சம் கட்டி ஆடுகிறார். அதை விடிய விடிய முழுசாகப் பதிவு செய்து வைக்க மாமாவுக்கு ஆசை. கையில் இருந்த காசுக்கு ஒரு தடவைதான் வாங்க முடியும், அதுவும் செகண்ட் ஹேண்ட்.

கல்யாணத்தில் இருட்டாக இருந்தால் ஒரு பையன் கையில் லைட்டைக் கொடுத்து மாப்பிள்ளை முகத்தில் அடிக்கச் சொல்லலாம். கூத்தில் அது நடக்குமா? களத்தில் இருக்கிற நாலு பல்பு வெளிச்சம்தான் கணக்கு.

மழையில் டம்ளரையும் அண்டாவையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பெய்வது ஒரே மழை, சேர்வது வேறு வேறு அளவு. சென்சாரும் அப்படியே. வெளிச்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் காமிரா கெயினை ஏற்றும், படத்தில் புள்ளி புள்ளியாக மண் அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சைஸ் பெயரில் ஒரு வேடிக்கை. "1 இன்ச் சென்சார்" என்பார்கள், ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.தான்! அந்தக் காலத்து விடிகான் டியூபின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு, டியூப் போன பிறகும் பெயர் போகவில்லை. பரப்பளவு பார்த்தால் 1/4 இன்ச் சுமார் 10 சதுர மி.மீ., 1/3 இன்ச் 17, 1 இன்ச் 116, ஃபுல் ஃப்ரேம் 864. கல்யாண வீடுகளில் தோளில் ஏறிய சோனி எம்.சி.2500 எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! உள்ளே இருப்பது 1/4 இன்ச்.

அப்போ பெரிய சென்சாரா பார்த்து வாங்கிட வேண்டியதுதானே? இங்கேதான் லென்ஸ் குறுக்கே வருகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் போனவர்களுக்குத் தெரியும், 1986-ல் தொடங்கி வைத்த அந்த டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர். வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வருவது அதுதான், பின்னால் இருக்கும் சில் வாங்கிக்கொள்கிறது. காமிராவிலும் வாசல் சின்னதானால் வீடு பெரிதாக இருந்து என்ன பயன்?

2003-ல் வந்த சோனி பி.டி.170-ஐ எடுத்துக்கொள்வோம். 1/3 இன்ச் சி.சி.டி. மூன்று, 12 மடங்கு ஜூம், லென்ஸ் எஃப் 1.6. 2014-ல் வந்த ஏ.எக்ஸ்.100-ல் 1 இன்ச் சென்சார் ஒன்று, ஜூம் அதே 12 மடங்கு, ஆனால் லென்ஸ் எஃப் 2.8. பரப்பில் ஏழு மடங்கு லாபம், லென்ஸில் மூன்று மடங்கு நஷ்டம். மிச்சம் ரெண்டு மடங்கு சொச்சம்தான்! அதோடு பழையதில் ப்ரிஸம் நிறங்களைப் பிரித்து மூன்று சில்லுக்கும் அனுப்பிவிடும், வெளிச்சம் அதிகம் வீணாகாது. ஒரே சில்லில் நிற ஃபில்டர் ஒட்டும்போது பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. ஆனால் 2009 வாக்கில் சோனி, சில்லின் ஒயரிங்கைப் பின்பக்கம் தள்ளிய எக்ஸ்மோர் ஆர் சென்சாரை காம்கார்டரில் கொண்டு வந்தது. ஏ.எக்ஸ்.100-ல் இருப்பது அந்த வகை. பி.டி.170-க்கு டேப் வேறு தேட வேண்டும். ஆகவே சைஸோடு வருஷத்தையும் பாருங்கள்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர் ஃபுல் ஃப்ரேம் ஸ்டில் காமிராவே வாங்கு என்றார். இருட்டில் அதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லென்ஸை முழுக்கத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறைந்துவிடும். கர்ணன் சுழன்று ஆடி ரெண்டடி முன்னே வந்தால் கிரீடம் தெளிவாக இருக்கும், பின்பாட்டுக்காரர்கள் மங்கிப் போவார்கள். நமக்கு இருவருமே வேண்டும். இன்னொன்று, அந்த ரகத்தில் பல மாடல்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். கட்டியங்காரன் பாதி ஜோக்கில் இருக்கும்போது நின்றால் யாரை நோவது?

கடைசியில் வாங்கியது 1 இன்ச்தான். அதன் லென்ஸ் ஜூமை இழுக்க இழுக்க எஃப் 4.5 வரை இருண்டுவிடும். அதனால் "மாமா, ஜூமைத் தொடாதீங்க, ஸ்டாண்டைக் களத்துக்குப் பக்கமா போடுங்க" என்றேன். ஷட்டர் 1/50, ஃபோகஸ் கையால். எங்கள் ஊர் 50 சைக்கிள் கரண்டுக்கு 1/50-ல் பல்பும் மினுக்காது, வெளிச்சமும் போதும்.

விடிகாலையில் கர்ணன் விழுந்தபோது வாத்தியார் முகத்து அரிதாரம் வியர்வையில் கரைந்து வழிந்தது. அந்தக் கோடு கூட பதிவில் தெரிகிறது.